முட்டை வெடிக்கும் நாளைப் பிடிக்க: ஆப்பா, கிட்டா, ஸ்கேனா?

கல்யாணமான முதல் இரண்டு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டைகளில் பாதி பஸ் டிக்கெட்டுக்காகத்தான். அவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை, எனக்குத் திருநெல்வேலியில் பள்ளிக்கூடம். மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு வருவார், அதற்கு மேல் லீவும் கிடையாது, ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுக்கக் காசும் கிடையாது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஊரே கேட்க ஆரம்பித்த பிறகு, எந்த இரண்டு வாரம் வருவது என்பதே எங்களுக்குப் பெரிய முடிவாகிவிட்டது. போனில் பீரியட்ஸ் கணக்கு பார்க்கிற ஒரு ஆப் போட்டு, அது பூப்படம் போட்டுக் காட்டிய 14ஆம் நாளை (பீரியட்ஸ் தொடங்கிய நாளை 1 என்று எண்ணி) நம்பி எட்டு மாதம் டிக்கெட் எடுத்தோம். ஒன்பதாவது மாதம் நாத்தனார் சொல்லி, முட்டை வெடிக்கப் போவதைச் சிறுநீரில் பார்த்துச் சொல்கிற ஓவுலேஷன் கிட் வாங்கிப் பார்த்தால், கோடு அடர்த்தியாக விழுந்தது 17ஆம் நாள். அவர் ஓசூர் திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் இந்த நாள் கணக்குக்காக இருக்கிற எல்லா வழியையும் ஒரு தடவையாவது முயன்று பார்த்தவள். எது யாருக்குச் சரிப்படும், எது வெட்டிச் செலவு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாக் குழப்பத்துக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வருவதைத்தான் முட்டை வெடிப்பது என்கிறோம், அப்படி வெளியே வந்த முட்டைக்கு ஆயுசு 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுவுக்கோ, இடம் வாகாக அமைந்தால் 5 நாள் வரை ஆயுசு. இடம் அமைவது என்றால் என்ன? பிறப்புறுப்பின் உட்பக்கம் இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது, கிருமி தங்காமல் இருக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது, விந்தணுவும் அதில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆனால் முட்டை வெடிப்பதற்கு முந்தைய சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும்போது கருப்பை வாயில் சுரக்கிற திரவம் தண்ணீராக, வழவழப்பாக மாறுகிறது. விந்தணு அதில் நீந்தி உள்ளே போய், கருப்பை வாயின் மடிப்புகளில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. போதாக்குறைக்கு, போய்ச் சேர்ந்த உடனே விந்தணுவால் முட்டையைத் துளைக்க முடியாது, பெண்ணின் உடம்புக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்ட பிறகுதான் அந்தத் திறமே வரும். ஆக, விந்தணு முன்னாலேயே போய்க் காத்திருக்க வேண்டும், முட்டை வந்த பிறகு இது கிளம்பினால் பெரும்பாலும் பிந்திவிடும்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கர்ப்பமாக முயன்றுகொண்டிருந்த 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்துச் சோதித்து, ஆலன் வில்காக்ஸும் அவர் சகாக்களும் 1995இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கரு உண்டான எல்லாச் சுழற்சியிலும் (ஒரு பீரியட்ஸ் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை ஒரு சுழற்சி) உறவு நடந்தது, முட்டை வெடித்த நாளையும் அதற்கு முந்தைய 5 நாட்களையும் சேர்த்த அந்த 6 நாட்களுக்குள்தான். 5 நாள் முன்னால் என்றால் கரு உண்டாக ஏறக்குறைய 10 சதவீத வாய்ப்பு, அது ஏறிக்கொண்டே போய் வெடிக்கிற நாளில் 33 சதவீதம். முந்தைய இரண்டு நாளும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வெடித்த மறுநாளிலிருந்து உறவு கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடக் கரு உண்டாகவில்லை. (இந்த 33இல் சில வாரங்களிலேயே கலைந்துபோகிற கருவும் சேர்த்தி. அதனால் எல்லாம் சரியாக அமைந்த மாதத்தில்கூடப் பீரியட்ஸ் வருவதுதான் அதிகம், அதற்காக யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.)

எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதனால்தான் ஒன்றே ஒன்று: அது எனக்கு முன்கூட்டிச் சொல்கிறதா, பிந்திச் சொல்கிறதா?

ஆப்பை எடுத்துக்கொள்வோம். இலவசம், எல்லோர் போனிலும் இருக்கிறது. ஆனால் பீரியட்ஸ் தேதியை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஆப் செய்வது நம் பாட்டி காலண்டரில் வட்டம் போட்ட அதே வேலை. அடுத்த பீரியட்ஸ் என்று வரும் என்று ஊகித்து, அங்கிருந்து 14 நாள் பின்னால் எண்ணுகிறது. பின்னால் எண்ணுவதில் தப்பில்லை. முட்டை வெடிப்பது அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னால்தான் என்று ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோ 1924லேயே சொல்லிவிட்டார். சிக்கல் எங்கே என்றால், அடுத்த பீரியட்ஸ் என்றைக்கு என்பது வந்த பிறகுதான் தெரியும். எல்லாப் பெண்ணுக்கும் 28 நாள் என்று வைத்துக்கொள்வதுதான் பெரிய பிழை. ஒரு ஆப்பில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை 2019இல் அலசிப் பார்த்தபோது, சரியாக 28 நாளில் முடிந்தவை 13 சதவீதம் மட்டுமே. எனக்கு 31 முதல் 33 நாள். நானோ ஆப் போட்ட அன்று 28 என்று இருந்ததை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தேன், அது என் முட்டாள்தனம், ஆப்பைச் சொல்லிக் குற்றமில்லை.

காலண்டரைத்தான் நம்புவேன் என்பவர்கள் ஒற்றை நாளைப் பிடித்துத் தொங்காமல் ஒகினோ பாணிக் கணக்கைப் போடலாம். கடைசி ஆறு மாதத்தில் இருப்பதிலேயே குட்டையான சுழற்சியிலிருந்து 18ஐக் கழியுங்கள், நீளமானதிலிருந்து 11ஐக் கழியுங்கள். 26க்கும் 32க்கும் நடுவில் மாறி மாறி வருகிறவருக்கு 8ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை என்று வரும். இரண்டு வாரம்! ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது போதும். ஓசூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க இது உதவாது.

அடுத்தது கிட். மருந்துக் கடையில் கேட்கும்போது ஓவுலேஷன் கிட் என்று அழுத்திச் சொல்லுங்கள், பழக்க தோஷத்தில் கர்ப்பம் பார்க்கிற கிட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள், எனக்கு ஒரு முறை அப்படி ஆனது. முட்டை வெடிப்பதற்கு முன்னால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனைத் திடீரென்று கொட்டும். அது சிறுநீரில் தெரிந்த பிறகு 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். அதாவது ஒரு நாள், ஒன்றரை நாள் முன்னறிவிப்பு கிடைக்கிறது. உங்கள் சுழற்சி எத்தனை நாளோ அதில் 17ஐக் கழித்து அந்த நாளிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். 28 நாள்காரர் 11ஆம் நாள், 35 நாள்காரர் 18ஆம் நாள். பெட்டியில் ஐந்தாறு பட்டைதான் இருக்கும், சீக்கிரமே தொடங்கினால் கோடு வருவதற்குள் தீர்ந்துவிடும்.

இதில் பலரும் ஏமாறுவது கோட்டைப் படிக்கும் விதத்தில். கர்ப்பம் பார்க்கிற கிட்டில் இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் ஆமாம் என்று அர்த்தம். இதில் அப்படி இல்லை, எல்எச் எப்போதும் கொஞ்சம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மங்கலான கோடு தினமும் விழலாம். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்கு, அல்லது அதைவிட அடர்த்தியாக இருந்தால்தான் கணக்கு. நான் 15, 16ஆம் நாள் பட்டைகளைத் தூக்கி எறியாமல் ஒரு நோட்டில் செலோடேப் போட்டு வரிசையாக ஒட்டி வைத்தேன். வெளிர் ரோஸ், கொஞ்சம் கூடுதல் ரோஸ், அப்புறம் 17ஆம் நாள் பீட்ரூட் சாறு தொட்டு இழுத்த மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. சோதிப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கக் கூடாது, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி நாள் பார்த்து உறவு கொள்வதால் பயன் உண்டா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் என்ற அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஆய்வுரை ஒன்று இருக்கிறது. நாள் பார்க்காதவர்களுக்குக் கர்ப்பமாக 18 சதவீத வாய்ப்பு என்றால், சிறுநீர்க் கிட்டை வைத்துப் பார்ப்பவர்களுக்கு அது 20க்கும் 28க்கும் நடுவில் இருக்கலாம் என்கிறது. ஆக, கூடுகிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி இரண்டு மடங்கெல்லாம் இல்லை.

பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வளராமல், பீரியட்ஸ் தள்ளிப்போகிற சினைப்பைப் பிரச்சினை) இருப்பவர்கள் மட்டும் கிட்டில் காசைப் போடுமுன் யோசியுங்கள். அவர்களில் பலருக்கு எல்எச் எப்போதுமே உயர்ந்து நிற்கும், முட்டை வளராத மாதத்திலும் கோடு அடர்த்தியாக விழும். ஏமாற்றத்தை விலை கொடுத்து வாங்கிய மாதிரி ஆகிவிடும்.

காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, நம் ஊரில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மேலே சொன்ன அந்த வழவழப்பான திரவம்தான். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னைச் சேர்ந்த ஜான், எவலின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி இதை வைத்தே ஒரு முறையை வகுத்தார்கள். பீரியட்ஸ் நின்றதும் சில நாள் வறட்சி, பிறகு பசை மாதிரி, பிறகு கெட்டியான பால் மாதிரி, கடைசியில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் அறுபடாமல் ஓரிரண்டு அங்குலம் நீளும். அப்படி நீளத் தொடங்கிவிட்டால் விந்தணுவுக்கு வழி திறந்தாச்சு என்று பொருள். அந்த வழவழப்பு கடைசியாகத் தெரிகிற நாளை ஒட்டித்தான் முட்டை வெடிக்கும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இது உண்டு. வீட்டில் இதற்குப் பெயர் வெள்ளைப்படுதல். உடம்பு இளைத்துப் போகும், எலும்பு உருகி வருகிறது என்று பயமுறுத்தி வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுப்பார்கள். உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளத்தைத்தான் நோய் என்று பதினைந்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்! அரிப்பு, கெட்ட வாடை, தயிர் திரிந்த மாதிரி கட்டி, பச்சை நிறம் இதெல்லாம் இருந்தால் அது தொற்று, டாக்டரிடம் போக வேண்டும். வாடையில்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கிட் ஒரு நாள் முன்னால் சொல்கிறது என்றால், இது பல சமயம் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே சொல்லிவிடும். என் கணக்கில் இதுதான் முதலிடம். குறை என்னவென்றால் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். தவிர, முட்டை வளரக் கொடுக்கிற க்ளோமிஃபீன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் திரவமே வற்றிப்போகலாம்.

காலையில் எழுந்ததும் உடம்புச் சூடு பார்க்கிற வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முட்டை வெடித்த பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவதால் சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் கூடும். வெடித்த பிறகு! மூன்று நாள் தொடர்ந்து கூடி நின்றதும் "ஆமாம், வெடித்துவிட்டது" என்று தெரிந்துகொள்ளலாம், ஆனால் அந்த மாதத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. படுக்கையை விட்டு எழும் முன் அளக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. எங்கள் தெருவில் ஐந்து மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். குடத்தை எடுப்பேனா, தெர்மாமீட்டரை எடுப்பேனா? பதினோரு நாளில் விட்டுவிட்டேன். முட்டை வெடிக்கிறதா என்றே சந்தேகம் இருப்பவர்கள் இரண்டு மாதம் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டினால் பயன்படலாம், அவ்வளவே.

ஃபாலிகுலர் ஸ்டடி என்று ஸ்கேன் சென்டரில் சொல்வது எல்லாவற்றிலும் துல்லியமானது. 9, 10ஆம் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போக வேண்டும், கருமுட்டைப் பை நாளுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்ந்து 18 முதல் 24 மில்லிமீட்டருக்குள் வெடிக்கும். "14 இருக்கும்மா, நாளை மறுநாள் வாங்க" என்று கேட்டுக் கேட்டு அந்த எண்களே கனவில் வரும். மாத்திரை, ஊசி போட்டு முட்டை வளர்க்கிறவர்களுக்கு இது கட்டாயம் தேவை. வெடிக்க வைக்கிற ஊசி போட்டால் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் வெடிக்கும் என்று நேரம் குறித்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் மாதம் தவறாமல் பீரியட்ஸ் வருகிற, முயற்சி தொடங்கி மூன்று மாதமே ஆன ஒருவர் அரை நாள் லீவு மேல் அரை நாள் லீவாகப் போட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, எதையுமே அளக்காமல் இருந்தால்? ஒரே வீட்டில் இருக்கும் தம்பதிக்கு நான் இதைத்தான் சொல்வேன். பீரியட்ஸ் முடிந்ததிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், அல்லது வாரம் இரண்டு மூன்று முறை. எப்போது வெடித்தாலும் உள்ளே கொஞ்சம் விந்தணு உயிரோடு காத்திருக்கும். எட்டாம் நாளா, பதினெட்டாம் நாளா என்ற மண்டைக்குடைச்சல் இல்லை, "இன்னைக்கு நாள், சீக்கிரம் வாங்க" என்று அவரை ஆபீசுக்குப் போன் போட்டு விரட்டவும் வேண்டாம். அப்படி விரட்டப்பட்ட அன்றைக்கென்றே பல ஆண்களுக்கு எதுவும் முடியாமல் போகும், வெளியில் சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே வரும். லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்கள் பரப்புவது, ஒரு துளி விந்து நூறு துளி ரத்தம், சேர்த்து வைத்தால்தான் வீரியம் என்று. அதை நம்பி மாதம் முழுக்க அடக்கி வைத்து 14ஆம் நாள் ஒரே ஒரு முறை என்று திட்டம் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாள் கணக்கில் தேங்கிய விந்தணுவில் எண்ணிக்கை கூடலாம், ஓட்டம் குறையும், செத்த அணுக்களும் சேரும். அந்த ஒரே முறையும் நாள் தப்பினால் அந்த மாதமே போச்சு. தினமும் உறவு கொண்டாலும் ஆரோக்கியமான ஆணுக்கு எண்ணிக்கை பிரச்சினையாகும் அளவுக்குக் குறைவதில்லை.

எங்களைப் போல் வெவ்வேறு ஊரில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடெல்லாம் உண்மையில் தேவை. என் ஒன்பதாவது மாதத்தையே எடுங்கள். திங்கட்கிழமை பீரியட்ஸ் தொடக்கம், அது 1ஆம் நாள். இரண்டாவது ஞாயிறு 14ஆம் நாள். எனக்கு முட்டை வெடித்தது 18ஆம் நாள், வியாழன். ஞாயிறு இரவு பஸ் ஏறினால் கடைசியாக உறவு நடந்தது 4 நாள் முன்னால், வாய்ப்பு இருக்கிறது, ஆனால் குறைவு. புதன்கிழமை கோட்டைப் பார்த்துவிட்டு, சரி வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று அவர் சொன்னால் அது 19ஆம் நாள், ஏறக்குறைய பூஜ்யம். புதன் இரவே பஸ் ஏறினால் வியாழன் விடியலில் வந்து சேரலாம், லீவும் கிடைத்து, வண்டியும் நேரத்துக்கு வந்தால். இது எதுவும் வேண்டாம், வந்த வாரமே திங்கள் ஒரு நாள் லீவு போட்டு, செவ்வாய் காலை இங்கிருந்து கிளம்பினால் 2, 3 நாள் முன்னால் என்று ஆகிவிடும். செலவு அதே டிக்கெட்தான். பத்தாவது மாதத்திலிருந்து அப்படித்தான் செய்தோம். சனிக்கிழமையே திரவம் நீளத் தொடங்கியதா என்று பார்ப்பேன், நீண்டால் திங்கள் லீவு சொல்லிவிடுவார், கிட் சும்மா உறுதிப்படுத்திக்கொள்ள. பதினோராவது மாதம் நாள் தள்ளிப்போனது. இதனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், தற்செயலாகவும் இருக்கலாம்.

குழந்தை வேண்டாம் என்பவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு, மற்ற நாளெல்லாம் "பாதுகாப்பான நாள்" என்று நம்பி இருந்துவிட வேண்டாம். 5 நாள் உயிரோடு இருக்கிற விந்தணுவும் நாள் மாறி வெடிக்கிற முட்டையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்ன நாளில் சேர்ந்தால் ஆண் குழந்தை, இன்ன நாளில் பெண் என்பதற்கும் அந்த 1995ஆம் ஆண்டு ஆய்வில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

எவ்வளவு நாள் இப்படியே முயலலாம்? 35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷம், தாண்டிவிட்டால் ஆறு மாதம், பீரியட்ஸ் மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி வருகிறவர்கள் முதலிலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். போகும்போது அவருடைய விந்துப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். நம் ஊரில் பெண்ணை நாலு ஸ்கேன் எடுத்து முடித்த பிறகுதான் ஆணைப் பற்றி நினைப்பே வருகிறது. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், வெளியிலிருந்து எடுத்துப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், முக்கியமான நிபந்தனை இவைதான். என் வீட்டுக்காரர் அதை ஓசூரிலேயே ஒரு காலை ஷிஃப்டுக்கு முன்னால் கொடுத்துவிட்டார், அதற்குப் பஸ் டிக்கெட்கூடத் தேவைப்படவில்லை.